கரை வேட்டிகளும் ஒரு நடுநிலைப் பள்ளியும்

ஊரில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே பக்கம் நிற்பது சாவு வீட்டில் மட்டும்தான் என்று என் மாமனார் சொல்வார். பள்ளிக்கூட விஷயத்தில் அப்படி நிற்க வைக்க முடியுமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள், குறிப்பாகப் பக்கத்து ஊர்களில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவரான பெண்கள். அவர்களுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

2022-ல் தமிழ்நாடு முழுக்க இந்தக் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தார்கள். எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் என்னைத் தலைவராக்கினார்கள். மகளிர் குழுவில் நான் கணக்கு எழுதுகிறேன், மகள் அப்போது ஆறாம் வகுப்பு. ஆனால் உண்மையான காரணம் வேறு. இரண்டு தரப்பும் ஆளுக்கொரு பெயரோடு வந்திருந்தன. அவன் ஆள் வராவிட்டால் சரி என்ற இடத்தில் இருவரும் வந்து நின்றபோது, எந்தக் கட்சியிலும் இல்லாத நான் அகப்பட்டேன்.

கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. காகிதத்தில் பார்த்தால் கட்சி என்ற சொல்லே கிடையாது. நடைமுறையில் என்ன என்று தெரிய வேண்டுமானால், பள்ளி யார் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு ஆசிரியரை அனுப்புவது கல்வித் துறை. வகுப்பறை, சுற்றுச்சுவர், கழிப்பறை எல்லாம் பெரும்பாலும் ஊரக வளர்ச்சித் துறை வழியாக, அதாவது பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகம் வழியாக வர வேண்டும். ஒன்றியக் கவுன்சிலர் கட்சிச் சின்னத்தில் ஜெயித்து வருபவர். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று ஏதோ ஒன்றில் நின்றிருப்பார், ஆனால் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும். அப்புறம் எம்.எல்.ஏ. இவர்கள் போதாதென்று பெற்றோர் ஆசிரியர் கழகம் (பி.டி.ஏ.) தனியாக இருக்கிறது. அந்தக் கழகத்தின் தலைவர் பதவி ஆட்சி மாறும்போது கூடவே கை மாறுவது பல ஊர்களில் எழுதாத சட்டம்.

எங்கள் ஊரில் அப்போது எம்.எல்.ஏ. ஆளும் கட்சி. பி.டி.ஏ. தலைவர் அதே கட்சியின் கிளைச் செயலாளர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர். ஒன்றியக் கவுன்சிலர் எதிர்க்கட்சி, எனக்குத் தூரத்து உறவில் மாமா முறை. குழுவில் பெற்றோர் உறுப்பினராக இடதுசாரித் தோழர் ஒருவரும் இருந்தார். ஆசிரியர் வேண்டுமானால் அண்ணன் வழியாகப் போவது சுலபம். கட்டடம் வேண்டுமானால் மாமா ஒன்றியக் கூட்டத்தில் எழுந்து பேச வேண்டும். ஒருவரை ஒதுக்கிவிட்டால் பாதிக் கதவு அடைபட்டுவிடும். அதனால்தான் 'பள்ளிக்குள் அரசியல் வேண்டாம்' என்று கெஞ்சுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கட்சிதான் அவர்களுடைய செல்வாக்கு. அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்றால், வெறும் கையோடு உள்ளே வருபவரால் நமக்கு என்ன ஆகும்?

முதல் சண்டை குழு அமைந்த சூட்டோடு வந்தது. அந்த ஆண்டு காலிப் பணியிடங்களில் தற்காலிக ஆசிரியர்களை மேலாண்மைக் குழு மூலம் நியமிக்க அரசு சொன்னது. பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய். எங்களுக்குக் கணக்கு ஆசிரியர் இடம் ஒன்று காலி. அறிவிப்பு வந்த அன்று மாலையே அண்ணன் போன் செய்தார்.

"தங்கச்சி, நம்ம பொண்ணு ஒண்ணு பி.எட். முடிச்சிட்டு வீட்ல இருக்கு. பாத்துக்கங்க."

மறுநாள் காலையில் மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். காபியைக் குடித்து முடிக்கும்வரை நெல் விலையைப் பற்றித்தான் பேச்சு. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தக் கணக்கு வாத்தியார் வேலைக்கு ஒரு பையனை அனுப்புறேன் மருமகளே" என்றார்.

இருவரிடமும் நான் முடியாது என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "விண்ணப்பம் போடச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். தலைமை ஆசிரியையும் நானும் உட்கார்ந்து, இந்த நியமனம் பற்றி வந்த விதிமுறைகளைப் பெரிய எழுத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவருக்கு முன்னுரிமை என்பது அதில் ஒன்று. அதோடு குழுவின் சார்பில் ஒரு வரி சேர்த்தோம்: வருகிறவர்கள் எட்டாம் வகுப்பில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், குழு உறுப்பினர்கள் பின்பெஞ்சில் இருப்பார்கள்.

வேலை கிடைத்தது இரண்டு சிபாரிசுக்காரர்களுக்கும் இல்லை. பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. தகுதித் தேர்வில் தேறியவர், பின்னத்தைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி நடத்தினார், அவ்வளவுதான். அண்ணனுக்கும் மாமாவுக்கும் கோபம் வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை. மாமா முகத்தில் ஒரு நிம்மதியே தெரிந்தது. அந்தப் பையனின் அப்பாவிடம் போய், "நான் சொல்லிட்டேன்பா, ரூல்ஸ் அப்படி ஒட்டி வச்சிருக்காங்க, எல்லார் முன்னாடியும் நடந்துது" என்று சொல்லியிருக்கிறார். அண்ணனும் ஏறக்குறைய அதே வசனம்.

அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாமே அந்த ஒரு சம்பவத்திலிருந்து பிடித்ததுதான். கட்சிக்காரருக்குப் பள்ளி விஷயத்தில் தோற்பது பெரிய கஷ்டம் இல்லை. தன் ஆட்களிடம் போய்ச் சொல்ல ஒன்றும் இல்லாமல் நிற்பதுதான் கஷ்டம். ஜெயித்தாலும் சரி, விட்டுக்கொடுத்தாலும் சரி, டீக்கடையில் உட்கார்ந்து சொல்ல அவருக்கு ஒரு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியத்தை நாம் முன்கூட்டியே யோசித்து வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மேல்மட்டத்திலும் இதுதான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றும். மதிய உணவை எடுத்துக்கொள்ளுங்கள். 1956-ல் காமராஜர் ஆட்சியில் மாநிலம் முழுக்கப் பரவியது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989-ல் கலைஞர் முட்டை சேர்த்தார். 2022-ல் மு.க.ஸ்டாலின் காலை உணவு கொண்டுவந்தார். எந்தக் கட்சிகளும் உட்கார்ந்து ஒப்பந்தம் போடவில்லை. ஆனால் வந்தவர் ஒவ்வொருவருக்கும் பழையதை நிறுத்தாமல் தன் பங்காக ஒன்று சேர்க்க இடம் இருந்தது, 'இது நாங்கள் கொடுத்தது' என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடும் இதே கதைதான். 2020-ல் அ.தி.மு.க. அரசு மசோதா கொண்டுவந்தது, சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதல் தாமதமானபோது எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. ஆளுநர் மாளிகை அருகே ஆர்ப்பாட்டம் செய்தது. ஆளும் கட்சியின் மசோதாவுக்காக எதிர்க்கட்சி தெருவில் நின்றது. அடுத்த ஆண்டு ஆட்சிக்கு வந்ததும் அதே 7.5 சதவீதத்தைப் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் நீட்டித்தது. கொண்டுவந்தது நாங்கள் என்று ஒருவர் சொல்லலாம், விரிவுபடுத்தியது நாங்கள் என்று இன்னொருவர் சொல்லலாம். இருவர் சொல்வதும் உண்மை.

இதற்கு நேர்மாறாக 2011-ஐ நினைத்துப் பாருங்கள். முந்தைய ஆட்சி சட்டம் போட்டுக் கொண்டுவந்த சமச்சீர்க் கல்வியைப் புதிய ஆட்சி நிறுத்தப் பார்த்தது. அச்சடித்த புத்தகங்கள் கிடங்கில் கிடந்தன. என் அக்கா மகன் அப்போது பத்தாம் வகுப்பு. பள்ளி திறந்து ஆகஸ்ட் 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை, பொதுத் தேர்வு எழுத வேண்டிய பிள்ளை பாடப்புத்தகம் இல்லாமல் பள்ளிக்குப் போய் வந்தான். பாடத்திட்டம் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அடுத்து வருபவர் தனதென்று சொல்லிக்கொள்ள அதில் ஓர் இடமும் இல்லாமல் போனதுதான் எனக்குக் கண்ணில் பட்டது.

எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூன்று பேர் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். எங்கள் பள்ளியின் ஓட்டுக் கட்டடமும் இடிபட்டது. இடித்தது சரி, புதிதாகக் கட்டுவது யார்? இரண்டு வகுப்புகள் வராண்டாவிலும் மழை பெய்தால் சத்துணவுக் கூடத்திலுமாக ஓடின.

நான் தலைவராகும் முன்பே இரண்டு மனுக்கள் போயிருந்தன. ஒன்று அண்ணன் தரப்பு கொடுத்தது, இரண்டு வகுப்பறை வேண்டும் என்று. மற்றது மாமா தரப்பு, சுற்றுச்சுவர் வேண்டும் என்று. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தில் எங்களிடம் சொன்னது: "என்ன வேணும்னு ஊர்ல முதல்ல ஒரு முடிவுக்கு வாங்கம்மா, அப்புறம் பாக்கலாம்." அதிகாரிக்கு வேலை மிச்சம்.

ஆகவே ஒரே மனு என்று முடிவு செய்தோம். ஒரே வாசகம், இரண்டு வகுப்பறையும் மாணவிகளுக்குக் கழிப்பறையும். சுற்றுச்சுவர் அடுத்த வரிசையில். முன்னுரிமையைத் தீர்மானித்தது நானோ கட்சிக்காரர்களோ இல்லை, மாதக் கூட்டத்துக்கு வந்த தாய்மார்கள் கை தூக்கித் தீர்மானித்தார்கள். மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது, சுற்றுச்சுவர் அவர் தேர்தலில் கொடுத்த வாக்கு. அங்கேதான் அந்த வாக்கியம் தேவைப்பட்டது. தீர்மானத்தில், 'ஒன்றியக் கவுன்சிலர் ஏற்கெனவே வலியுறுத்திய சுற்றுச்சுவர்க் கோரிக்கையும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கப்படுகிறது' என்று எழுதினோம். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அதே மனுவை அண்ணன் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு எடுத்துப் போனார், மாமா ஒன்றியக் குழுக் கூட்டத்தில் வைத்தார். ஒருவர் போகும் இடத்துக்கு மற்றவர் போகவில்லை. சேர்ந்து போய் நில்லுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். எதிர்க்கட்சிக்காரரோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றினால் அவருக்கு அவர் கட்சியிலேயே பஞ்சாயத்து. தனித்தனியாக ஒரே வேலையைச் செய்ய விட்டால் போதும். ஊரக வளர்ச்சித் துறையின் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்தில் வகுப்பறைகள் அனுமதியாகி வந்தபோது, இரண்டு தரப்பும் தங்களால்தான் வந்தது என்றார்கள். நான் இருவருக்கும் தலையாட்டினேன்.

வந்தது வினை திறப்பு விழாவில். கல்வெட்டில் யார் பெயர்?

இதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. அரசுப் பணத்தில் கட்டிய கட்டடத்தின் கல்வெட்டு அரசாங்க நடைமுறைப்படி எழுதப்படும், அதில் குழு தலையிடவே கூடாது. தலையிட்டால் நாமும் ஒரு கட்சி ஆகிவிடுவோம். நம் கையில் இருப்பது நாம் திரட்டியது மட்டும். முன்னாள் மாணவர்கள் வாங்கிக் கொடுத்த மேசை நாற்காலி, பீரோ, மின்விசிறி இவற்றில் எதன் மேலும் யார் பெயரும் எழுதுவதில்லை என்று முன்பே தீர்மானம் போட்டிருந்தோம். மின்விசிறி இறக்கையில் 'உபயம்' என்று எழுதி, அது சுற்றும்போது யாரும் படிக்க முடியாத அழகை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொடுத்தவர்கள் விவரம் பதிவேட்டில் தொகையோடு இருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

திறப்பு விழா மேடை ஆளும் தரப்பு மேடையாகத்தான் இருந்தது. மாமாவுக்கு அழைப்பு போனது, வந்தார், இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார், பாதியில் எழுந்து போனார். அதைச் சரிக்கட்ட நாங்கள் விழா மேடையில் எதுவும் செய்யவில்லை. அடுத்து வந்த பள்ளி ஆண்டு விழாவில் பரிசு கொடுக்க அவரைக் கூப்பிட்டோம். அண்ணன் முணுமுணுத்தார். "அண்ணே, அன்னிக்கி உங்க நாள், இன்னிக்கி அவரு நாள்" என்று தலைமை ஆசிரியை சொன்னதும் சரி என்று விட்டுவிட்டார்.

மாணவர் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போனது தனிக் கூத்து. எல்லாத் தரப்பையும் கூட்டிக்கொண்டு போனால் மக்கள் மதிப்பார்கள் என்று நினைத்துக் கிளம்பினோம். இரண்டாவது தெருவில் ஒரு அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே அண்ணனைக் கேட்டார்: "உங்க பேரன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிறான் தம்பி?" பேரன் போவது டவுனில் உள்ள மெட்ரிக் பள்ளி, மஞ்சள் வேன் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். அண்ணன் போன் வந்த மாதிரி ஒதுங்கிவிட்டார். மாமா வீட்டிலும் அதே நிலைமைதான், அதனால் அவரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு தோழரை முன்னால் விட்டோம், அவர் மகள் எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு. உங்கள் ஊரில் இதைச் செய்வதானால், யார் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது என்று முதலில் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு பிறகு தெருவில் இறங்குங்கள்.

தேர்தல் காலம் பற்றி ஒரு வார்த்தை. 2024 மார்ச் 16-ல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் நடத்தை விதி அமலானது. ஜூன் வரை புதிய பணி அனுமதி எதுவும் நகராது, கட்சிக்காரர்களும் நம் பக்கம் திரும்ப மாட்டார்கள். திரும்பினால் அதுவே ஆபத்து. கையெழுத்து வாங்க வேண்டிய காகிதம் எதுவாக இருந்தாலும் பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். தேர்தல் நடக்கும் மாதங்களில் நாங்கள் சின்ன வேலைகளோடு நிறுத்திக்கொண்டோம்: தண்ணீர்த் தொட்டி கழுவுவது, நூலகப் புத்தகம் அடுக்குவது. மேடையில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டவர்கள் ஜூன் கூட்டத்துக்கு வந்து பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அது பழக்கம், நமக்குத்தான் வியப்பு.

தீர்மானப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது எதுவும் விளங்காது. பல பள்ளிகளில் கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்துத் தீர்மானம் எழுதப்படும், கையெழுத்து வீட்டுக்கு வந்து வாங்கப்படும். அது வேண்டாம். மகளிர் குழுப் பழக்கத்தில் நான் கூட்டம் நடக்கும்போதே எழுதி, கலையும் முன் உரக்கப் படித்துவிடுவேன். யார் எதிர்த்தார் என்பதையும் எழுதுவேன், அவர் சொன்ன காரணத்தோடு. எதிர்த்தவர் பெயரை எழுதுவது சண்டைக்கு வழி என்று தலைமை ஆசிரியை முதலில் தயங்கினார். நடந்தது வேறு. தன் எதிர்ப்பு பதிவாகிவிட்டது என்று தெரிந்தவர் வெளியே போய்க் கத்துவதில்லை. பெற்றோர் செயலியில் தீர்மானங்களை ஏற்றும்போதும் இதே வாசகம்தான் போகும், மாற்ற மாட்டோம்.

2024 ஆகஸ்டில் குழுக்களை மறுபடி அமைத்தார்கள், முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. தலைவர் பதவி என் கையை விட்டுப் போனது, உறுப்பினராகத் தொடர்ந்தேன். 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டம் உட்பட 2019-ல் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். மாமா இப்போது கவுன்சிலர் இல்லை. ஒன்றியக் கூட்டத்தில் எழுந்து பேச ஆள் இல்லாமல் போனதன் நட்டம், சுற்றுச்சுவர்க் கோப்பு நின்ற இடத்திலேயே நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அதிலும் அண்ணன்தான் போய் விசாரித்துவிட்டு வந்தார். மாமாவின் சுற்றுச்சுவருக்காக ஆளும் கட்சிக் கிளைச் செயலாளர் பி.டி.ஓ. அலுவலகப் படியேறினார் என்று ஊரில் சொன்னால் இன்னும் சிலர் நம்புவதில்லை.

எல்லாம் கூடிவந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கேட்டு வருகிறோம். எட்டாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகள் பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கிறது, சிலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். தரம் உயர்த்த வேண்டுமானால் போதிய இடம் காட்ட வேண்டும். பள்ளியை ஒட்டியே புறம்போக்கு நிலம் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் வைக்கோல் போர், ஒரு பக்கம் மாட்டுக் கொட்டகை, ஒரு பக்கம் செங்கல் அடுக்கு. வைத்திருப்பவர்களில் அண்ணனின் ஆட்களும் உண்டு, மாமாவின் ஆட்களும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் எந்தச் சிபாரிசும் கெஞ்சலும் இல்லாமலே எல்லாக் கட்சியும் ஒற்றுமையாக இருக்கிறது: அந்த நிலத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தால் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும்.

இதற்கும் ஒரு வாக்கியம் தேடிக்கொண்டிருக்கிறோம். கொட்டகைக்காரர்களுக்கு மாற்று இடமாக ஏரிக்கரைப் பக்கம் ஊராட்சி ஏதாவது காட்ட முடியுமா என்று தோழர் வி.ஏ.ஓ.விடம் வரைபடம் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு இடம் அகப்பட்டால், "பள்ளிக்காக எங்க ஆளுங்களே முன்வந்து காலி பண்ணாங்க" என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளலாம். அடுத்த கிராம சபைக்குள் வரைபடம் வர வேண்டும்.